பச்சைப் பொட்டலமும் பெயர் தெரியாத ஈஸ்ட்டும்

உடையார்பாளையம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்கள் வெள்ளைப்படுதலை எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. முதலில் இடுப்பு வலி, அப்புறம் அசதி, அப்புறம் தூக்கம் இல்லை என்பார்கள். சீட்டு எழுதி முடிக்கும் நேரத்தில்தான் குரல் தாழும்: "அரிப்புத் தாங்கல, டாக்டரம்மா."

அவர்கள் கைக்குப் பச்சை நிறப் பொட்டலம் போகிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வகுத்த வண்ணப் பொட்டலங்களில் அதற்கு இரண்டாம் எண். உள்ளே செக்னிடசோலும், ஒரே வேளைக்கான 150 மில்லிகிராம் ஃப்ளூகோனசோலும் இருக்கும். டிரைகோமோனாஸ், பாக்டீரியா, கேண்டிடா மூன்றில் எது காரணமானாலும் ஒன்றுக்காவது குறி தப்பாது என்ற கணக்கு. நுண்ணோக்கி இல்லாத ஊரை மனத்தில் வைத்து வகுத்த ஏற்பாடு என்பதால் முதல் தடவைக்கு அதைக் குறை சொல்வதற்கில்லை. அதே பெண் ஒரு மாதத்தில் அதே அரிப்போடு திரும்பி வரும்போது அதே பொட்டலத்தை மறுபடி நீட்டுவதுதான் தவறு. அவருக்குச் சர்க்கரையும் இருந்தால் அந்தத் தவறு பெரிதாகிறது.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2007இல் ‘டயபடிஸ் கேர்’ இதழில் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் நினைவூட்ட வேண்டும். சர்க்கரை நோயும் பிறப்புறுப்புக் கேண்டிடா தொற்றும் சேர்ந்திருந்த 111 பெண்களில் 68 பேரிடம் வளர்ந்தது கேண்டிடா கிளாப்ரேட்டா. பாடப்புத்தகத்தின் கதாநாயகனான அல்பிகன்ஸ் 32 பேரிடம் மட்டுமே இருந்தது. கிளாப்ரேட்டா இருந்தவர்களில் ஒரு சாராருக்கு ஒரு வேளை ஃப்ளூகோனசோலும், மறு சாராருக்குப் பதினான்கு நாள் போரிக் அமில உறையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஃப்ளூகோனசோல் பெற்ற 35 பேரில் 10 பேருக்குத்தான் கிருமி அகன்றது. போரிக் அமிலத்தில் 33க்கு 21. கேரம் போர்டில் தூவுகிற அதே அமிலந்தான். வாயில் போட்டால் நஞ்சு, கர்ப்பிணிக்குக் கூடவே கூடாது என்பதால் கடைத்தூளைக் கைவைத்தியமாக்க யாரும் கிளம்பிவிடக் கூடாது.

ஆய்வு டெல்லியில் நடந்தது, ஆட்கள் வேறு என்று தள்ளிவிட முடியாதபடி சர்க்கரை இங்கேயும் வந்துவிட்டது. ஐ.சி.எம்.ஆர். இன்டியாப் ஆய்வின் 2023 வெளியீட்டின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தது. டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையின் முதல் காப்புரிமை 2020இல் முடிந்து விலை சரிந்தபின், அதுவும் சிற்றூர் மருந்துக்கடை வரை வந்துவிட்டது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது இரத்தச் சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடுவதால், வழியில் குடியிருக்கும் ஈஸ்ட்டுக்கு விருந்து. அந்த மாத்திரை தொடங்கிய பிறகு அரிப்பு வந்ததா என்ற ஒரு கேள்வி பல சீட்டுகளை மிச்சப்படுத்தும். ஆண்களிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது. முன்தோல் வெடிப்புக்காக வெட்கப்பட்டுக்கொண்டே களிம்பு வாங்கிப் போகிறவர்கள் எண்ணிக்கை குறைவல்ல.

ஃப்ளூகோனசோலைப் பல நாளுக்கு எழுதும்போது சீட்டின் மேல்வரியில் கிளிமிபிரைடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது உடைபடும் பாதையை ஃப்ளூகோனசோல் அடைப்பதால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

இனி ஆய்வகம். வட்ட அளவிலான ஆய்வகத்தில் கிருமியின் இனத்தைச் சொல்லும் மால்டிடாஃப் கருவி இல்லை என்று கையை விரிக்கத் தேவையில்லை. பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு, ஒரு கவர் ஸ்லிப், ஐந்து நிமிடம். நாற்பது மடங்கு லென்சில் நீண்ட போலி இழைகளும் அவற்றின் கணுக்களில் மொட்டுகளும் தெரிந்தால் அல்பிகன்ஸ் அல்லது டிராபிகாலிஸ் பக்கம் சந்தேகம் போகலாம். இழையே இல்லாமல், சிவப்பணுவைவிடச் சிறிய மொட்டு ஈஸ்ட்டுகள் மட்டும் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தால் கிளாப்ரேட்டாவை நினைக்க வேண்டும். அவசரத்தில் இருப்பவர்கள் இதைக் குப்பை என்று கடந்துவிடுவது வழக்கம்.

சாபராட் தட்டில் வளர்ந்ததை அரை மில்லி சீரத்தில் கரைத்து 37 டிகிரியில் வைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஜெர்ம் டியூப் விடை வந்துவிடும். குழாய் தாய்ச்செல்லிலிருந்து கிளம்பும் இடத்தில் இடுக்கம் இல்லாமல் நேராக நீண்டால் அல்பிகன்ஸ் என்று கொள்ளலாம். இடுப்புக் கயிறு கட்டினாற்போல் ஒடுங்கியிருந்தால் அது டிராபிகாலிஸின் போலி இழை. சீரம் கிடைக்காத ஆய்வகங்கள் முட்டை வெள்ளைக்கருவில் செய்து பார்த்த அறிக்கைகளும் உண்டு.

மருந்துக்குக் கட்டுப்படுமா என்று பார்க்கும் தட்டும் எட்டாத பொருளல்ல. முல்லர் ஹிண்டன் அகாரில் இரண்டு சதவீத குளுக்கோசும் துளி மெத்திலீன் நீலமும் சேர்த்தால் போதும். அதன்மேல் 25 மைக்ரோகிராம் ஃப்ளூகோனசோல் டிஸ்க், மறுநாள் அளவுகோல். அல்பிகன்ஸ், டிராபிகாலிஸ், பாராசிலோசிஸ் மூன்றுக்கும் வட்டம் 17 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் என்றால் கட்டுப்படும். 13 அல்லது அதற்குக் கீழ் என்றால் கட்டுப்படாது. வட்டத்துக்குள் தூசிபோல் தெரியும் நுண்ணிய வளர்ச்சியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதைப் பார்த்து மிரண்டு ‘ரெசிஸ்டன்ட்’ என்று எழுதுவது புதியவர்கள் செய்யும் பிழை. பழையவர்கள் செய்யும் பிழை வேறு: கிளாப்ரேட்டாவுக்கும் ‘சென்சிடிவ்’ என்று எழுதிவிடுவது. சி.எல்.எஸ்.ஐ. அட்டவணையில் ஃப்ளூகோனசோலுக்கு நேரே கிளாப்ரேட்டாவுக்கு அந்தக் கட்டமே கிடையாது. மருந்தளவைப் பொறுத்துக் கட்டுப்படும், அல்லது கட்டுப்படாது, இரண்டே விடை. குரூசிக்கு டிஸ்க் வைப்பதே வீண். அது பிறவியிலேயே ஃப்ளூகோனசோலுக்குப் பணியாதது.

கேண்டிடா ஆரிஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் இன்று பூஞ்சை பற்றி எழுத முடியாது. டோக்கியோவில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து 2009இல் அடையாளம் கண்ட ஈஸ்ட் அது. 2013இல் டெல்லியிலிருந்து அனுராதா சௌத்ரி குழுவினர் இரத்தத் தொற்றுகளை அறிவித்தார்கள். 2022இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட முன்னுரிமைப் பட்டியலில் முதல் வரிசையில் இடம்பிடித்தது. கிருமியை இனங்காணும் வைடெக் கருவியின் பழைய மென்பொருள் அதைக் கேண்டிடா ஹெமுலோனி என்று காட்டிவிடும் என்பதால் அந்தப் பெயர் வந்தால் மேலே அனுப்பியே தீர வேண்டும். ஆனாலும் 2011-12இல் 27 இந்திய ஐ.சி.யூ.க்களில் 1,400 இரத்தத் தொற்றுகளை ஆராய்ந்தபோது முதலிடத்தில் இருந்தது ஆரிஸ் அல்ல, டிராபிகாலிஸ். ஏறத்தாழ நூற்றுக்கு 42. தலைப்புச் செய்திக்கு வருவது ஒன்று, தட்டில் தினம் வளர்வது இன்னொன்று.

பெரம்பலூர், அரியலூர் வாசகர்கள் மருந்துக்கடையோடு உரக்கடை அலமாரியையும் ஒருமுறை பார்க்கலாம். ஹெக்சாகோனசோல், டெபுகோனசோல், புரோபிகோனசோல் என்று பயிர்ப் பூஞ்சைக்கொல்லிகள் வரிசையாக நிற்கும். வால் ஒன்றாக இருப்பது தற்செயலல்ல, ஃப்ளூகோனசோலின் பங்காளிகள்தான். எல்லாம் பூஞ்சையின் எர்கோஸ்டெரால் தயாரிப்பில் ஒரே நொதியின் மேல் கைவைப்பவை. தைவானில் விளைநில மண்ணிலேயே ஃப்ளூகோனசோலுக்குப் பணியாத டிராபிகாலிஸ் கிடைத்திருக்கிறது. வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் இந்த மண்ணில் அதைத் தேடிப் பார்ப்பது ஒரு முதுநிலை மாணவரின் ஆய்வுக்குத் தாராளமாகப் போதும். அரியலூரில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மாதிரி எடுக்க வயல் பக்கத்திலேயே இருக்கிறது.

அதற்கு முன் முடிகிற வேலை ஒன்று உண்டு. ‘கேண்டிடா ஸ்பீஷிஸ் வளர்ந்தது’ என்ற ஒற்றை வரியோடு அனுப்பும் கல்ச்சர் ரிப்போர்ட்டை, திரும்பத் திரும்ப வரும் நோயாளிக்காவது நிறுத்தலாம். ஜெர்ம் டியூப் உண்டா இல்லையா, இழை இருந்ததா, டிஸ்க் வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று மூன்றையும் எழுதி அனுப்பலாம். கிளாப்ரேட்டாவின் புதுப்பெயர் நாக்கசியோமைசிஸ் என்று தெரிந்தவர்கள் பழைய பெயரையும் பக்கத்தில் எழுதிவிடுவது நல்லது. புதுப்பெயரை மட்டும் பார்த்த மருத்துவர், அது ஏதோ மண்ணில் வளர்வது என்று எண்ணி ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, பச்சைப் பொட்டலத்தையே திரும்ப எழுதிவிடக்கூடும்.