பீடிப் புகையும் பங்கு லாபமும்

"ஒரு பீடி இழுக்காவிட்டால் வேலை ஓடாது" என்று நமது தோழர்கள் பலர் சொல்லுகிறார்கள். ஷிப்டு முடிந்து மில் கேட்டைத் தாண்டியதும் பீடி. நாற்றுக் கட்டை வரப்பில் இறக்கியதும் பீடி. உடல் ஓய்வு கேட்கிறது, வயிறு சோறு கேட்கிறது. இரண்டையும் கொடுக்க மனமில்லாத எஜமானுக்கு, நாலு இழுப்பில் இரண்டையும் மறக்கடிக்கும் பீடியைவிட மலிவான கங்காணி வேறு எங்கே கிடைப்பான்?

"பீடி வெறும் இலைதானே, சிகரெட்தான் கெடுதல்" என்பது பச்சைப் பொய். பீடி அணைந்து போகாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். விஷமும் அடிக்கடி உள்ளே போகிறது. ஏற்கெனவே பஞ்சுத் தூசு படிந்த மில் தொழிலாளியின் நுரையீரலைப் புகை இன்னும் வேகமாகக் கெடுக்கிறது. பஞ்சுத் தூசு நோய் நஷ்டஈட்டுக்குரிய தொழில் நோய் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் நஷ்டஈடு கேட்டுப் போனால், "நீ பீடி குடிப்பவன்தானே" என்று கை விரிக்க நாமே சாட்சி தயாரித்துக் கொடுக்கலாமா?

இந்த வியாபாரத்தின் யோக்கியதையை அதன் பழைய கணக்கில் பார்ப்போம். புகையால் புற்று நோய் வருகிறதென்று டாக்டர்கள் சொன்னபோது, அமெரிக்கச் சிகரெட் கம்பெனிகள் 1954-ல், ஜனங்களின் ஆரோக்கியமே எங்களுக்கு முக்கியம் என்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்தன. 1994-ல் ஏழு கம்பெனித் தலைவர்கள் அமெரிக்கப் பாராளுமன்றக் கமிட்டியின் முன் சத்தியம் செய்துவிட்டு, நிகோடின் யாரையும் அடிமையாக்காது என்றார்கள். இவர்கள் தெரிந்தே பல்லாண்டுகள் ஜனங்களை ஏமாற்றினார்கள் என்று வாஷிங்டன் கோர்ட் 2006-ல் தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் என்ன நடக்கிறது? 2003-ல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பொது இடத்தில் புகைப்பதற்கான தடை 2008 அக்டோபர் 2 முதல் கடுமையாக்கப்பட்டது. அபராதம் 200 ரூபாய் வரை. பாக்கெட்டில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் போட வேண்டுமென்ற உத்தரவு 2016-ல் அமலுக்கு வந்தபோது, பெரிய சிகரெட் கம்பெனிகள் உற்பத்தியையே நிறுத்தி முரண்டு பிடித்தன. இந்தச் சட்டங்களை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். ஜனங்களின் சேமிப்பில் வளர்ந்த எல்.ஐ.சி., நாட்டின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி.யில் பங்கு வைத்திருப்பது ஏன்? ஒரு கை எச்சரிக்கைப் படம் ஒட்டுகிறது, மறு கை பங்கு லாபம் வாங்குகிறது. பஸ் ஸ்டாண்டில் பிடிபட்ட கூலிக்காரனுக்கு மட்டும் 200 ரூபாய் தண்டம்!

"பீடி சுற்றும் பெண்கள் பட்டினி கிடப்பார்களே" என்று முதலாளிகள் கண்ணீர் வடிக்கிறார்கள். சுற்றிக் கொடுத்த பீடியில் கழிவு என்று ஒரு கை அள்ளிக்கொண்டு கூலியைக் குறைப்பவர்கள் யார்? நாளெல்லாம் புகையிலைத் தூளைச் சுவாசிக்கும் அந்தச் சகோதரிகளுக்குப் பிராவிடண்டு பண்டு கொடுக்காமல் ஏய்ப்பவர்கள் யார்? இவர்கள் அழுகிற அழுகை லாபத்துக்காக! அந்தப் பெண்களுக்கு மாற்று வேலையும், அது கிடைக்கும்வரை முழுக் கூலியும், முதுமையில் பென்ஷனும் வேண்டும் என்று நாம் கேட்கிறோம்.

தோழர்களே, சர்க்கார் திருந்தட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. விட்ட ஒரு வருஷத்தில், புகைப்பவனுக்குள்ள மாரடைப்பு அபாயம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. முதல் சில நாட்கள்தான் கடுமையானவை. அந்த நாட்களில் தனியாகப் போராடினால் தோற்கலாம், சேர்ந்து போராடினால் ஜெயிக்கலாம். ஒரே ஷிப்டில், ஒரே நடவுக் கூட்டத்தில் நாலு பேர் ஒரே நாளில் விடுங்கள். 1800-11-2356 என்ற எண்ணில் ஆலோசனை இலவசம். ஒவ்வொரு சங்கக் கிளையும் இதைக் கூட்டத்தில் வைத்துப் பேசட்டும்.

போனஸில் ஒரு ரூபாய் குறைந்தால் கொதித்தெழும் நாம், நமது கூலியைப் புகையாக்கிக் கம்பெனிக்குக் கொடுக்கலாமா? பீடிக் கட்டைக் கீழே போடுங்கள்! உழைத்துப் பெற்ற காசு குழந்தைகளின் பாலுக்குப் போகட்டும்!