குரலுக்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரம்

குரலை வீட்டிலேயே பதிவு செய்து, அதை அன்றைக்கே கடல் கடந்து வாழும் உறவினருக்கும் முன்பின் அறியாத ரசிகருக்கும் கேட்கச் செய்துவிடும் வசதி சாமானியக் குடும்பங்களுக்கும் கிட்டிவிட்ட இந்நாளில், சங்கீதம் பயிலும் பிள்ளைகளும், அவர்களுக்காகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்க்கும் பெற்றோரும், தாம் கற்ற தேவாரத்தையும் திருப்புகழையும் தம் குரலிலேயே பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல விரும்பும் முதியோரும் ஒருமுகமாகக் கேட்கும் கேள்வி, “எந்த மைக் வாங்கலாம்?” என்பதே. விடையாக அவர்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கம்பெனிகளின் பெயர்களும் விலைகளும்தாம். விலை ஏற ஏறக் குரலும் மெருகேறும் என்ற நம்பிக்கை அந்த விடைகளின் அடியில் இருக்கிறது. அந்த நம்பிக்கை குடும்பங்களின் பணத்தை வீணாக்குவதோடு, நல்ல சாரீரங்கள் பலவற்றை உள்ளபடி நம் காதில் விழவொட்டாமலும் செய்துவருகிறது என்பது என் திடமான அபிப்பிராயம். பாடுகிறவர் மைக்கிலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்று பாடப்போகிறார், எப்படிப்பட்ட அறையில் பாடப்போகிறார் என்பதை முதலில் நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். அது நிர்ணயமாகிவிட்டால் எஞ்சிய தேர்வு சுலபமானது.

தூரம் என்னும் இந்த விஷயம் ஒலிப்பதிவின் பிறப்பிலிருந்தே அதனோடு கூட வந்தது. 1902-ஆம் ஆண்டு நவம்பரில் பிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் லண்டன் கிராமபோன் கம்பெனியின் சார்பில் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தபோது, அங்கே மைக் என்ற ஒன்றே கிடையாது. பெரியதொரு கூம்புக் குழாயின் வாயில் பாடகி பாட, அக்குரலின் சொந்த பலமே மறுமுனையில் இருந்த ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கீறியது. மெல்லிய ஸ்வரம் ஊசியை அசைக்காது. உச்சஸ்தாயியின் வேகமோ ஊசியைத் தடம் புரளச் செய்துவிடும். ஆகையால் மெதுவாகப் பாடும் இடங்களில் குழாய்க்குள் குனிந்தும், உரத்துப் பாடும் இடங்களில் பின்வாங்கியும் பாட அக்காலத்துப் பாடகர்கள் கற்றுக்கொண்டார்கள். கற்காதவர்களை ஒலிப்பதிவாளரே தோளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துவதுண்டு. சங்கீத ஞானத்தோடு, தன் குரல் எங்கே எவ்வளவு பலத்தோடு சென்று விழுகிறது என்ற ஞானமும் அவர்களுக்கு அவசியமாயிருந்தது.

1925-இல் மின்சார முறை ஒலிப்பதிவு வந்த பிறகு, குழாயை நிரப்பும் கட்டாயம் நீங்கிற்று. அமெரிக்காவில் பிங் கிராஸ்பி போன்றவர்கள், எதிரே ஒருவர் அமர்ந்திருப்பதைப் போல எண்ணிக்கொண்டு, சாதாரணப் பேச்சின் சுருதியிலேயே பாடி, அதுவரை மேடைக்கு உதவாதென்று கழிக்கப்பட்டிருந்த மென்மையைப் புகழின் சிகரத்திலே ஏற்றிவிட்டார்கள். நம் நாட்டிலும் இந்த மாற்றத்தின் இரு கரைகளையும் காணலாம். ஒலிபெருக்கியின் துணையின்றி நாடகக் கொட்டகையின் கடைசி வரிசை வரையில் தம் நாதத்தைச் செலுத்திய எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஒரு கரை. காதருகே வந்து தனித்துச் சொல்லுவதைப் போன்ற நிதானத்தோடு திரைப்படத்தில் பாடிய பி.பி. ஸ்ரீநிவாஸ் மறு கரை. ஸ்ரீநிவாஸின் குரல் நாடகக் கொட்டகைக் காலத்தில் பிறந்திருந்தால் நமக்குக் கிடைத்தே இராது என்று எண்ணும்போது, மைக் என்னும் சாதனத்தின்மீது எனக்கு உண்மையான நன்றி உண்டாகிறது. அது குரலை உரக்கச் செய்யும் கருவி மாத்திரமாக இருந்திருந்தால் இந்த நன்றிக்கு இடமில்லை. கேட்பவன் பாடுகிறவருக்கு எவ்வளவு அருகில் அமர்ந்திருக்கிறான் என்பதையே அது தீர்மானிக்கிறது.

இதை மிகுந்த துணிவோடு செய்துகாட்டிய ஓர் ஒலிப்பதிவு 1977-இல் பெர்லின் நகரின் ஹன்ஸா ஸ்டூடியோவில் நடந்தது. டேவிட் போவி ‘ஹீரோஸ்’ என்ற பாட்டைப் பாடியபோது, தயாரிப்பாளர் டோனி விஸ்கோண்டி அந்த விசாலமான மண்டபத்தில் மைக்குகளை மூன்று இடங்களில் நிறுத்தினார்: ஒன்று பாடகரின் வாயிலிருந்து ஏறத்தாழ 23 சென்டிமீட்டரில், மற்றொன்று 6 மீட்டரில், மூன்றாவது 15 மீட்டரில். தூரத்து மைக்குகள் இரண்டும், குரல் ஒரு குறிப்பிட்ட பலத்தை எட்டினாலொழியத் திறவாதபடி அமைக்கப்பட்டிருந்தன. பாட்டின் தொடக்கத்தில் போவி நம் அருகிலிருந்து பேசுகிறார்; முடிவிலே மண்டபமே திறந்துகொள்ள, அதன் மறுகோடியிலிருந்து கதறுகிறார்.  அந்த வேறுபாடு பெரும்பாலும் தூரத்தாலும் மண்டபத்தாலும் விளைந்ததே.

யந்திரத்தின் இயல்பையும் சற்றே அறிந்துகொள்வது நலம். டைனமிக் மைக்கில் குரல் வந்து மோதும் மெல்லிய சவ்வோடு ஒரு கம்பிச் சுருள் இணைந்திருக்கும். சவ்வு அசைய, சுருள் காந்தத்தின் நடுவே அசைந்து மின்சாரத்தைப் பிறப்பிக்கும். சுருளின் பாரத்தையும் சுமக்க வேண்டியிருப்பதால் அந்தச் சவ்வு மிக நுண்ணிய அதிர்வுகளுக்கு முழுமையாக இணங்குவதில்லை. ஆனால் கரடுமுரடான உபயோகத்தைத் தாங்கும். கண்டென்சர் மைக்கிலோ, பொன் பூசிய சவ்வு தலைமயிரைக் காட்டிலும் பன்மடங்கு மெல்லியதாய், ஓர் உலோகத் தகட்டின் முன்னே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். இடைவெளி கூடுவதும் குறைவதுமே மின்சாரமாக மாறும். இதற்கு வெளியிலிருந்து பெரும்பாலும் 48 வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டும். மூச்சின் ஓசையும் நாவின் அசைவும்கூட இதிலே தெளிவாக விழும். அலுமினிய நாடாவைக் கொண்ட ரிப்பன் மைக் மூன்றாவது ரகம். கூரிய குரலைக் கனியச் செய்யும் குணமுடையதாயினும் பலமான காற்றையும் முரட்டுக் கையையும் தாங்காதாகையால், புதிதாகப் பழகுபவருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கண்டென்சர் மைக் அறையின் எதிரொலியையும் தெருவின் இரைச்சலையும் இழுத்துக்கொள்ளும், டைனமிக் மைக் இழுக்காது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அனுபவத்தில் அப்படித் தோன்றுவது மெய்யே; காரணம் மட்டும் வேறு. ஒரே திசைக்குணமுள்ள இரு மைக்குகளை ஒரே தூரத்தில் வைத்தால், குரலுக்கும் எதிரொலிக்கும் உள்ள விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். டைனமிக் மைக்கிலிருந்து கிடைக்கும் மின்சாரம் சொற்பமாதலால் பாடுகிறவர் உதட்டை அதன் அருகே கொண்டுபோகிறார். கண்டென்சர் இரண்டடிக்கு அப்பால் நின்றாலும் கேட்குமாதலால் இரண்டடிக்கு அப்பாலேயே நின்றுவிடுகிறார். எதிரொலி புகுவது அந்த இரண்டடியின் வழியாகத்தான். டைல்ஸ் பாவிய தரையும், வெறும் சிமெண்டுச் சுவர்களும், கான்கிரீட் தளமும், தலைக்கு மேலே மின்விசிறியும் உள்ள நம் வீட்டு அறைகளில், உயர்ந்த விலையுள்ள கண்டென்சரை நடு அறையில் நிறுத்திவிட்டு எட்ட நின்று பாடினால், அந்த மைக் தன் கடமையை நேர்மையாகச் செய்து அறையையே பதிவு செய்து தரும்.

இதற்குப் பரிகாரமும் கையருகேயே இருக்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணிமணிகள் நிறைந்த படுக்கை அறையில் பாடுவதே பாதி வெற்றி. கனமான பஞ்சு மெத்தையையோ, இரண்டு மூன்றாக மடித்த ஜமக்காளத்தையோ தொங்கவிடலாம். ஆனால் பலரும் அதை மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். ஒரு திசையை மட்டும் நோக்கும் மைக்கின் முகம் பாடுகிறவரை நோக்கி இருப்பதால், அவருடைய முதுகுக்குப் பின்னாலிருக்கும் சுவரில் பட்டுத் திரும்பும் ஓசையையே அது மிகுதியாகக் கேட்கும். மெத்தை இருக்கவேண்டிய இடம் பாடுகிறவரின் முதுகுப்புறம். ஓர் ஆயிரம் ரூபாய்கூடச் செலவில்லாத இந்தச் சிறு மாற்றம், மைக்கின் விலையைப் பல மடங்கு உயர்த்துவதைக் காட்டிலும் அதிகப் பயன் தரும்.

கர்நாடக சங்கீதம் பாடுகிறவர்களுக்கு இதிலே தனியான சங்கடம் ஒன்று உண்டு. மேடையிலே மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்துப் பாடும் பழக்கம் இளைய தலைமுறையினரிடம் பரவியிருக்கிறது. அதே பழக்கத்தோடு ஒலிப்பதிவுக்கும் அமர்ந்துவிடுகிறார்கள். மந்தரஸ்தாயியில் மெல்ல இறங்கி, தாரஸ்தாயியில் முழு பலத்தோடு நின்று, கமகத்தின் போக்கிலே தலையும் கழுத்தும் தாமாகவே அசையப் பாடுவது நம் மரபு. மைக்கிலிருந்து 5 சென்டிமீட்டரில் இருக்கும் வாய் இன்னும் 5 சென்டிமீட்டர் விலகினால் ஒலியின் அளவு 6 டெசிபல் குறைந்துவிடும். 30 சென்டிமீட்டரில் இருக்கும் வாய் அதே 5 சென்டிமீட்டர் விலகினால் குறைவது ஒன்றேகால் டெசிபலைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அளவு மட்டுமன்று, நிறமும் மாறும். ஒரு திசை மைக்குகளுக்கு, வாய் நெருங்க நெருங்கக் குரலின் அடிக்கனத்தை மிகைப்படுத்திக் காட்டும் சுபாவம் உண்டு. ஆகவே நெருங்கி நின்று தலையசைத்துப் பாடும் ஒருவருடைய ஆலாபனையில், ராகத்தின் வளைவுகளோடு, அவர் நினையாத வேறொரு வளைவும் கலந்துவிடுகிறது. சாதகம் செய்து பக்குவப்படுத்திய சாரீரத்துக்கு நேரும் இந்த அநியாயத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. விஸ்தாரமாக ராகம் பாட விரும்புகிறவர் 25 முதல் 35 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு கண்டென்சர் மைக்கை நிறுத்தி, அறையை மெத்தைகளாலும் துணிகளாலும் அடக்கிக்கொள்ளட்டும். அறையை அடக்க வழியில்லாதவரும், தாலாட்டோ மெல்லிசையோ பாடுகிறவரும், உரைநடை வாசிக்கிறவரும் ஒரு நல்ல டைனமிக் மைக்கை நெருங்கி, தலையை அசைக்காமல் பாடுவதே உசிதம்.

தூரம் முடிவான பின்பே குரலின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். மலிவு விலைக் கண்டென்சர்களில் பல, 1960-இல் வந்த நாய்மன் யு67 என்ற புகழ்பெற்ற மைக்கின் உள்ளுறுப்பைப் பின்பற்றியவை. அந்த உறுப்பு இயல்பிலேயே மேல் அதிர்வுகளைத் தூக்கிக் காட்டுவது. அதை நன்கறிந்திருந்த மூலக் கருவியின் நிபுணர்கள், அதற்கு ஈடாக மின்சுற்றிலேயே அந்தத் தூக்கலைக் குறைத்து வைத்தார்கள். பின்னால் வந்தவர்களில் பலர் உறுப்பை எடுத்துக்கொண்டு ஈடுகட்டும் சுற்றை விட்டுவிட்டார்கள். இதன் பயனாக, ஏற்கெனவே மெலிந்து கூர்மையான குரலுடைய ஒரு சிறுமி அத்தகைய மைக்கின் முன் பாடினால், ஸகாரமும் சகாரமும் ஊசி போலக் காதைக் குத்துகின்றன. குற்றம் தன் சாரீரத்திலேயே இருப்பதாக அவள் எண்ணிக் குன்றுகிறாள். அவளுக்குத் தேவை, மேல் அதிர்வுகளைத் தூக்காத சாதுவான மைக். மங்கிய, கனத்த குரலுடையவருக்கோ அந்தக் கூர்மையே ஓர் உபகாரமாகலாம். பகாரம் வெடிக்கும்போது வரும் காற்றைத் தடுக்க ஒரு துணி வடிகட்டியும், மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றே சாய்த்து வைப்பதும் எவருக்கும் போதுமானவை.

விலை குரலுக்கு உத்தரவாதமாகாது என்பதற்கு ஒரு சாட்சியம் சொல்லிவிடுகிறேன். 1982-இல் வெளிவந்த மைக்கேல் ஜாக்ஸனின் ‘திரில்லர்’ இசைத்தொகுப்பை ஒலிப்பதிவு செய்த ப்ரூஸ் ஸ்வீடியன், விலையுயர்ந்த பழைய மைக்குகளை ஏராளமாகச் சேகரித்து வைத்திருந்தவர். அவர் அதிலே ஜாக்ஸனின் குரலுக்குத் தேர்ந்தெடுத்தது ஷூர் எஸ்எம்7 என்ற டைனமிக் மைக். தம் சேகரிப்பில் இருந்தவற்றின் விலையைக் கருதாமல் எதிரே நின்ற குரலைக் கேட்டு அவர் செய்த தீர்மானம் அது. அதே மைக்கை வாங்கிவிட்டால் அதே பலன் கிட்டும் என்று இன்று பலர் எண்ணுவது, ஸ்வீடியன் செய்ததற்கு நேர் விரோதமான காரியம்.

ஆகவே மைக் வாங்கப்போகிறவர், இயன்றால் இரண்டு மூன்றை வாடகைக்கோ இரவலாகவோ வாங்கி, தாம் பாடப்போகிற அறையிலேயே, தாம் நன்கறிந்த ஒரே பாட்டின் பல்லவியை ஒவ்வொன்றின் முன்னும் பாடிப் பரீட்சித்துப் பார்க்கவேண்டும். பதிவுகளின் ஒலியளவைச் சமமாக்கிய பிறகே ஒப்பிட வேண்டும். சற்று உரத்துக் கேட்பது எதுவோ அதுவே நல்லதென்று காது ஏமாறும். எது எந்த மைக் என்று தெரியாதபடி வேறொருவர் ஒலிக்கச் செய்து, மறுநாள் காலையில் கேட்டு முடிவு செய்வது இன்னும் சிறப்பு. கடைக்காரர்களும் பெட்டியைத் திறக்காமலே விற்கும் வழக்கத்தை விட்டு, பாடிப் பார்க்க ஒரு சிறு அறையை ஒதுக்கித் தரலாம். தம்புராவைச் சுருதி கூட்டி மீட்டிப் பாராமல் நாம் வாங்குகிறோமா?

இதிலே இசைக் கல்லூரிகளுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. சென்னை வானொலி நிலையம் 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி தொடங்கப்பெற்ற நாள் முதலாக, சபையோரைக் காணாமல் மூடிய அறையில் மைக்கின் முன்னே பாடுவது நம் வித்துவான்களின் வாழ்க்கையில் ஓர் அங்கமாகிவிட்டது. வானொலியின் குரல் தேர்விலோ, முகத்தைக் காணாமல் ஒலியைக் கேட்டே தரம் நிர்ணயிக்கிறார்கள். அப்படியிருந்தும், ஸ்வரஞானமும் தாளஞானமும் ஆண்டுக்கணக்கில் போதிக்கப்பெறும் மாணவர்களில் எத்தனை பேர், தம் குரல் ஓர் அடி தூரத்தில் எப்படிக் கேட்கிறது, ஓர் அங்குல தூரத்தில் எப்படிக் கேட்கிறது என்பதை ஆசிரியரோடு உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்? ஒவ்வோர் இசைக் கல்லூரியிலும் துணிகளால் அடக்கப்பட்ட ஒரு சிறிய அறையும், டைனமிக்கில் ஒன்றும் கண்டென்சரில் குணம் வேறுபட்ட இரண்டுமாக மூன்று மைக்குகளும், அவற்றைக் கணினியோடு இணைக்கும் ஒரு சாதனமும் இருக்கவேண்டும். முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் பருவத்துக்கு இரண்டு முறையாவது அங்கே பாடி, ஆசிரியரோடு அமர்ந்து தம் குரலைக் கேட்கவேண்டும். இதற்காகும் செலவு ஒரு கச்சேரி வீணைக்கும் தம்புராவுக்கும் ஆகும் செலவுக்குள் அடங்கிவிடும் என்பது என் மதிப்பீடு. வரும் கல்வியாண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தை வகுக்கும்போதே இதற்கென ஒரு தொகையைக் கல்லூரிகள் ஒதுக்கிவைக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.