கேடியூ விண்ணப்பத்தைக் கையில் வைத்திருக்கும் வாப்பாமாருக்கு



உயர்தரப் பெறுபேறு வந்த அடுத்த நாளே எங்கள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வாப்பாமார் வந்து நிற்பார்கள். வெள்ளவத்தையிலிருந்தும் வருவார்கள், கொட்டாஞ்சேனையிலிருந்தும் வருவார்கள். பிள்ளைக்கு இஸட் ஸ்கோர் கொஞ்சம் காணாது. கொஞ்ச நேரம் அதையும் இதையும் பேசிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "சேர், கேடியூவுக்குப் போட்டா என்ன?" என்று கேட்பார்கள். ரேகிங் இல்லை, ஸ்ட்ரைக் இல்லை, நாலு வருஷத்தில் டிகிரி கையில் என்பார்கள்.

அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறும் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம். மற்ற மூன்று பேரும் எங்கே போவது? மாறி மாறி வந்த அரசாங்கங்கள் இதற்குப் பதில் தரவில்லை. அந்த இடைவெளியில்தான் பாதுகாப்பு அமைச்சு கடை விரித்தது.

படைக்குப் படித்த அதிகாரிகள் தேவை என்பதில் எங்களுக்குச் சண்டை இல்லை. சேர் ஜோன் கொத்தலாவல தன் கந்தவளை வளவைக் கொடுத்ததும், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இரத்மலானையில் அகடமி வந்ததும் அதற்காகத்தான். கெடெட்மார் தாராளமாகப் படிக்கட்டும். காசு கட்டிச் சட்டமும் பொறியியலும் படிக்க வரும் சிவில் பிள்ளைகளை அங்கே சேர்ப்பதுதான் எங்கள் பிரச்சினை. அந்தப் பிள்ளைக்கு மேலே இருப்பது பாதுகாப்பு அமைச்சு. உபவேந்தர் கதிரையில் படை அதிகாரி. மாலபே சைட்டம் மூடப்பட்டபோது 2018இல் அந்த மாணவர்களைக் கொண்டுபோய் விட்டதும் இங்கேதான்.

"எல்லா நாட்டிலும் இருக்கிறதுதானே" என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இந்தியாவில் கடக்வாஸ்லா தேசிய பாதுகாப்பு அகடமியில் பயிலும் கெடெட்டுக்குப் பட்டம் கொடுப்பது டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம். அமெரிக்காவில் அதிகாரியாகப் போகிற மாணவன் சாதாரண கெம்பஸில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறான். வியட்நாம் யுத்த காலத்தில் ஹார்வர்ட் அந்தப் பயிற்சித் திட்டத்தை வெளியே அனுப்பியது, 2011இல் திரும்ப எடுத்தது. அனுப்பவும் எடுக்கவும் பல்கலைக்கழகத்துக்கு அதிகாரம் இருந்தது. இரத்மலானையில் யார் யாரை வெளியே அனுப்புவது?

2021 ஜூலையை நாங்கள் மறக்கவில்லை. இந்த நிறுவனத்துக்கு இன்னும் பெரிய அதிகாரம் கொடுக்கும் சட்டமூலத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்துக்குக் கிட்ட நின்ற இலங்கை ஆசிரியர் சங்கத்தின் ஜோசப் ஸ்டாலினையும் மற்றவர்களையும் பொலிஸ் பிடித்தது. நீதிமன்றம் பிணை கொடுத்த பிறகும் வீட்டுக்கு விடவில்லை. தனிமைப்படுத்தல் என்று சொல்லி முல்லைத்தீவுக்கு, விமானப்படை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வாரமே நாடு முழுக்க ஆசிரியர்கள் ஒன்லைன் வகுப்பை நிறுத்தினோம். சம்பள முரண்பாடும் சேர்ந்து அந்தப் போராட்டம் மூன்று மாதத்துக்கு மேல் போனது. சட்டமூலம் நிறைவேறவில்லை. உங்கள் பிள்ளைகளின் பாடம் அந்த நாட்களில் தவறியது எங்களுக்கும் வலிதான். ஆனால் அதற்கு முன்பு 2011இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளை மூன்று வாரம் தலைமைத்துவப் பயிற்சி என்று முகாமுக்கு அனுப்பினார்கள், பிறகு அதிபர்மாரை ரந்தம்பைக்குக் கூட்டிப்போய் கேர்ணல் பதவி கொடுத்தார்கள். அப்போதெல்லாம் பேசாமல் இருந்ததால்தான் 2021 வந்தது.

நம் சமூகத்துக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2019க்குப் பிறகு புனானையில் உள்ள மட்டக்களப்பு கெம்பஸைப் பற்றி நாம் எத்தனை போஸ்ட் போட்டோம்! 2020இல் அது தனிமைப்படுத்தல் முகாமானது. 2023 செப்டெம்பரில்தான் இராணுவம் திருப்பிக் கொடுத்தது. படிப்புக்குக் கட்டிய கட்டடத்தில் சீருடைக்கு என்ன வேலை என்று கேட்டோம். சரியான கேள்வி. அதே வாயால் இரத்மலானைக்குக் கட்ட வட்டியில்லாக் கடன் தேடுகிறோம்.

ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளைகள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை, அவர்களும் எங்கள் மாணவர்கள்தான். கோபம் நம் பெரியவர்கள் மேல். பள்ளிக்கு மார்பிள் மாற்ற ஒரு ஜும்ஆவில் காசு சேர்கிறது. நாவல திறந்த பல்கலைக்கழகத்திலோ, மட்டக்குளி உயர் தொழில்நுட்ப நிறுவனத்திலோ ஒரு பிள்ளை படிக்க பஸ் காசும் புத்தகக் காசும் கேட்டால் ட்ரஸ்டிமார் அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்கிறார்கள். அரசாங்கத்திடம் இடங்களைக் கூட்டு என்று கேட்க ஒரு மஹஜர் எழுதினால் கையொப்பம் வைக்க ஆள் இல்லை.

மஹஜரை எழுதி வைத்திருக்கிறோம். வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு கையொப்பம் எடுப்போம். கேடியூ விண்ணப்பம் நிரப்பி வைத்திருக்கும் வாப்பாமார் அதையும் கொண்டு வாருங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அன்றைக்கு வேறு என்னென்ன வழி இருக்கிறது என்று ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.