இயந்திரத்தின் மூச்சிரைப்பு

மாரி கழிந்து தை பிறந்தபொழுது எமது கல்லூரி மைதானத்தில் புல் கணுக்கால் மறைய வளர்ந்து நின்றது. துடுப்பாட்டப் போட்டிக்கு இரண்டு வாரங்களே எஞ்சியிருந்தன. மூன்று மாதம் கொட்டிலிற் கிடந்த புல்வெட்டும் இயந்திரத்தை வெளியே உருட்டி, நாலைந்து முறை கயிற்றை இழுத்த பின்னர் அது உயிர்பெற்றது. ஆனால் ஒரு நிலையில் ஓடிற்றில்லை. உறுமி எழுவதும், அடங்கிச் சாகப்போவதும், மறுகணம் மீண்டும் உறுமுவதுமாக, தொய்வுக்காரர் மூச்செடுப்பது போல இரைந்தது.

கவர்னரின் சுருள்வில்லை யாரோ திருகிவிட்டனர் என்று அருகில் நின்ற ஒருவர் தீர்ப்புக் கூறினார். நாமும் அதனை அப்படியே நம்பி, மைதானம் பார்க்கும் முதியவரை நோக்கி, “நீர்தான் கை வைத்திருக்கிறீர்” என்று கடிந்துகொண்டோம். “இல்லைச் சேர், நான் அதைத் தொடவேயில்லை” என்றார் அவர். நாம் கேட்டோமில்லை.

கவர்னர் என்றதும் மாளிகையும் காவற்காரரும் நினைவுக்கு வருதல் இயல்பே. இயந்திரத்துக் கவர்னருக்கு அத்தகைய ஆடம்பரம் ஏதுமில்லை. 1788ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் தமது நீராவி இயந்திரத்தில் இரு இரும்புக் குண்டுகளைச் சுழலவிட்டார். வேகம் மிகும்போது குண்டுகள் விலகி எழுந்து நீராவியின் வழியைக் குறைக்கும். வேகம் தணியும்போது தாழ்ந்து வழியைத் திறக்கும். காற்றாலைகளில் அதற்கு முன்னரே வழங்கிய உபாயம் அது. புல்வெட்டியின் சிறு எஞ்சினிலும் இதே தத்துவந்தான். சிலவற்றில் உள்ளே சுழலும் எடைகள் உண்டு. வேறு சிலவற்றில் குளிரூட்டும் விசிறியின் காற்று ஒரு தகட்டைத் தள்ளுகிறது. எவ்வகையாயினும், சுருள்வில் திறொட்டிலைத் திறக்க இழுக்கும். கவர்னர் மூட இழுக்கும். அவ்விரண்டின் இழுபறியே ஓட்டத்தின் வேகம். கவர்னருள்ள எஞ்சினிற் கைப்பிடி நெம்புகோல் பெரும்பாலும் திறொட்டிலை நேராக அசைப்பதில்லை. சுருள்வில்லின் இறுக்கத்தையே மாற்றுகிறது. இதனை அறியாதோர் பலர்.

எமது மாணவன் ஒருவன், கெட்டிக்காரன், கம்பியொன்றினால் திறொட்டிலைத் திறந்தபடி கட்டிவிட்டால் இரைச்சல் நின்றுவிடும் என்றான். அவன் சொன்னது பொய்யன்று. ஆயினும் கட்டுமுன் கணக்கொன்று போடச் சொன்னோம். வெட்டும் அலகின் நீளம் 20 அங்குலம். நுனி ஒரு சுற்றில் ஏறக்குறைய 5¼ அடி செல்லும். நிமிடத்திற்கு 3600 சுற்று எனின் செக்கனுக்கு 60 சுற்று, அதாவது 314 அடி. மணிக்கு 200 மைலுக்கு மேல்! கவர்னர் காவல் செய்யும்போதே இவ்வளவு. கட்டிவிட்டால் வேகம் எங்கு சென்று நிற்குமென்று எவரும் சொல்ல முடியாது. அலகு முறிந்து பறக்கலாம், உள்ளிருக்கும் தண்டு ஒடியலாம். பையன் கம்பியைக் கீழே போட்டுவிட்டான்.

அடுத்ததாக ஒரு சோதனை. ஓடிக்கொண்டிருக்கும்போதே சோக்கைச் சிறிது மூடினோம். மூச்சிரைப்பு நின்றது! காற்று மிகுந்து பெற்றோல் குறைந்துவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம். பெற்றோல் போதாமல் எஞ்சின் தளர்கிறது, கவர்னர் திறொட்டிலைத் திறக்கிறது, எஞ்சின் பாய்கிறது, கவர்னர் மூடுகிறது, மறுபடி தளர்கிறது. கவர்னர் தன் கடமையைச் செய்ய, பழி அதன்மேல் விழுகிறது. (கவர்னர் பூட்டிய இயந்திரம் எப்போது நிலைகொள்ளும், எப்போது தள்ளாடும் என்பதை 1868இல் மாக்ஸ்வெல் கணிதத்தால் ஆராய்ந்தார் என்பதை மாணவர் அறிந்துகொள்க.)

எஞ்சினை நிறுத்தி, பிளக்கின் வயரைக் கழற்றிய பின்னரே கை வைத்தோம். இதனை ஒருபோதும் மறத்தலாகாது. காபுரேற்றரின் கீழ்க்கிண்ணத்தைக் கழற்றினால், பழைய பெற்றோல் வற்றிப் பிசினாய்ப் படிந்திருந்தது. ஜெற்றின் கண் அடைபட்டிருந்தது. ஊசியாலோ கம்பியாலோ குத்தினால் துவாரம் பெருத்து வேறு வினை வரும். ஆதலால் காபுரேற்றர் கழுவும் திரவத்தில் ஊறவைத்துக் காற்றடித்தோம். காபுரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள கஸ்கற் கிழிந்தாலும், தாங்கி மூடியின் காற்றுத்துளை அடைபட்டாலும் இதே நோய் தோன்றும்.

கிளப்பியவுடனேயே எஞ்சின் அலறிப் பாய்ந்தாற் கதை வேறு. உடனே நிறுத்தவேண்டும். இணைப்புக் கம்பி கழன்றிருக்கலாம், சுருள்வில் தவறான துளையில் மாட்டப்பட்டிருக்கலாம், காற்றுத் தகட்டில் புற்றுகள் சிக்கியிருக்கலாம். அப்பொழுதே கவர்னரைச் சந்தேகிக்கும் உரிமை நமக்கு உண்டு.

கழுவிய ஜெற்றை முதியவரிடம் கொடுத்தோம். அவர் அதனை வானத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணாற் பார்த்தார்.

“இந்த ஓட்டைக்குத்தானோ சேர் என்னைப் பேசினனீங்கள்?”

மன்னிப்புக் கேட்டோம். மாணவர் முன்னிலையிற் கடிந்தபடியால், கேட்டதும் அவர்கள் முன்னிலையிலேயே. இப்பொழுதெல்லாம் ஐப்பசி பிறந்ததும் பெற்றோல் முழுவதையும் வடித்து, மிச்சம் தீரும்வரை ஓடவிட்டபின்னரே அவர் இயந்திரத்தைக் கொட்டிலில் வைக்கிறார். திறப்பும் அவரிடந்தான்.