‘கொஞ்சம்’ என்ற சொல்லுக்கும் கணக்கு வேண்டும்

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சிராங்கூன் சாலையிலும் கேம்பல் லேனிலும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் நம் வயதுடைய ஒருவரைப் பார்க்கலாம். பலதுறைத் தொழிற்கல்லூரி விடுமுறையில் இருப்பவர், வார இறுதியில் மட்டும் வரும் பல்கலைக்கழக மாணவர் எனத் துணிக்கடையிலும் உணவகத்திலும் இளையர்கள் நிற்கிறார்கள். தமிழும் ஆங்கிலமும் பேசத் தெரிந்த கைகள் அந்தக் கடைகளுக்குத் தேவை. நமக்குச் செலவுக்குப் பணம் தேவை. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை ‘கொஞ்சம்’ என்ற சொல்லில் தொடங்குகிறது. “நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்துடுப்பா.” “கொஞ்சம் கூட்டிப் பெருக்கிட்டுக் கிளம்பும்மா.” காலையில் 15 நிமிடம், இரவில் 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 5 நாள் என்றால் இரண்டரை மணி நேரம். 12 வாரத்தில் 30 மணி நேரம். மணிக்கு 10 வெள்ளி சம்பளம் என்றால் 300 வெள்ளி. இதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை, ‘உதவி’ என்கிறோம்.

சாப்பாட்டு நேரத்திலும் இதே கதைதான். நான் ஒரு விடுமுறையில் வேலை பார்த்த கடையில், மதிய உணவுக்கென்று ஒரு மணி நேரச் சம்பளம் தினமும் கழிக்கப்பட்டது. ஆனால், வாடிக்கையாளர் வந்தால் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போக வேண்டும். பெரும்பாலான நாள்களில் பின்னறையில் நின்றபடி பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடித்தேன். கழிக்கப்பட்டது மட்டும் முழு ஒரு மணி நேரம்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1968ல் நடப்புக்கு வந்த வேலை நியமனச் சட்டத்தின்படி, இடைவேளை இல்லாமல் தொடர்ந்து 6 மணி நேரத்துக்கு மேல் ஒருவரை வேலை வாங்கக் கூடாது. வேலையின் தன்மையால் 8 மணி நேரம் வரை தொடர வேண்டியிருந்தால், சாப்பிடக் குறைந்தது 45 நிமிடம் தர வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. கூடுதல் நேர வேலைக்கு ஒன்றரை மடங்குச் சம்பளம். மாத அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளிக்கு மேற்போகாத ஊழியர்களுக்கும் 4,500 வெள்ளிக்கு மேற்போகாத உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கும் வேலை நேர விதிகள் பொருந்தும். வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கும் குறைவாக வேலை செய்யும் பகுதிநேர ஊழியர்களையும் சட்டம் விட்டுவிடவில்லை.

இடைவேளைக்குச் சம்பளம் தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அது வேலை நேரத்தில் சேராது. ஆனால், வேலை நேரம் என்பது முதலாளி கொடுத்த பணிகளைச் செய்ய வேண்டிய நேரம். அழைத்தால் எழுந்து போயே ஆக வேண்டிய நேரத்தை எப்படி இடைவேளை என்பது? ஓய்வையும் தராமல் சம்பளத்தையும் கழிப்பது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது.

விதி தெரிந்தும் நாம் ஏன் கேட்பதில்லை? நம் கடைகளில் முதலாளி, முதலாளி மட்டுமல்ல. அவர் மாமா, அண்ணன், அக்கா. நம் பெற்றோருக்குத் தெரிந்தவராகவும் இருப்பார். “நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி” என்பவரிடம் கால் மணி நேரச் சம்பளம் கேட்க நாக்கு எழாது. அந்த அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. தேர்வு நேரத்தில் விடுப்பு கொடுப்பவர்களும் வீட்டுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பவர்களும் அவர்களே. வாடகை, ஆள்பற்றாக்குறை என்று சிறு வணிகர்கள் சொல்லும் சிரமங்களும் உண்மையானவை. ஆனால், அந்தச் சிரமத்தைக் கடையிலேயே ஆகக் குறைந்த சம்பளம் வாங்குபவரின் நேரத்தைக் கொண்டு சரிக்கட்டுவது தீர்வாகாது.

கேட்க முடியாத இடத்தில் ஓய்வு தானாக வராது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2013 முதல் இல்லப் பணிப்பெண்களுக்கு வார ஓய்வு நாள் கட்டாயமானது. ஆனால், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் ஓய்வுக்குப் பதிலாகப் பணம் தரலாம் என்ற வழியும் இருந்தது. வீட்டுக்குள் தனியாக இருக்கும் ஒருவர் முதலாளியிடம் ‘மாட்டேன்’ என்று எப்படிச் சொல்வார்? 2023 முதல், மாதத்தில் ஒரு நாளையாவது பணத்துக்கு ஈடாக விட்டுக்கொடுக்க முடியாது என்று விதி வந்தது.

நம் பக்கத்தில் பாத்திரம் கழுவும் அண்ணனை இங்கே நினைத்துப் பாருங்கள். தமிழகத்திலிருந்து வந்தவருக்கும் வேலை நியமனச் சட்டம் பொருந்தும். ஆனால், அவருடைய வேலை அனுமதி அதே முதலாளியைச் சார்ந்தது. பிடிக்கவில்லை என்றால் நாம் அடுத்த வாரமே நின்றுவிடலாம், அவரால் முடியாது. படித்த, சட்டம் தெரிந்த, ஊரில் வீடுள்ள நாமே கடை அடைத்த பிறகு அரை மணி நேரம் சும்மா வேலை செய்தால், அதுவே அந்தக் கடையின் வழக்கமாகிவிடும். நம் மௌனத்தின் விலையை அவரும் சேர்ந்து கொடுக்கிறார்.

சண்டை போட வேண்டியதில்லை. வேலையில் சேரும் முன்பே கேளுங்கள்: எத்தனை மணிக்குத் தொடக்கம், இடைவேளை எவ்வளவு, கடை அடைத்த பிறகு செய்யும் வேலைக்குச் சம்பளம் உண்டா? 14 நாள் அல்லது அதற்கு மேல் தொடர்ந்து வேலை செய்வோருக்கு, முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் தருவது முதலாளியின் கடமை. வந்த நேரம், போன நேரத்தைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். பேசியும் தீரவில்லை என்றால், சச்சரவு நிர்வாகத்திற்கான முத்தரப்புக் கூட்டணியை நாடலாம். சம்பளக் கோரிக்கைக்குக் கெடு உண்டு: வேலையில் இருக்கும்போது ஓராண்டு, வேலையை விட்ட பிறகு ஆறு மாதம்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை மாதிரி என்கிறீர்கள். வீட்டில் பிள்ளை சாப்பிட உட்கார்ந்தால் யாரும் பாதியில் எழுப்ப மாட்டார்கள். கடையிலும் எழுப்பாதீர்கள்.