இருநூறு ரூபாய்ச் சட்டம்

உலகப் புகையிலை எதிர்ப்பு நாளான மே 31, தமிழகப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறையில் வருகிறது. பள்ளி திறந்த பிறகு ஒருநாள் காலை வழிபாட்டில் உறுதிமொழி வாசிப்பார்கள். ஓவியப் போட்டி வைப்பார்கள். அந்த ஆண்டின் கடமை முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்வதில் நாம் குறை வைப்பதில்லை. அவர்களுக்கு விற்பவரைத்தான் கண்டுகொள்வதில்லை.

மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக 2019-இல் நடத்தப்பட்ட இளையோர் புகையிலை ஆய்வின்படி, 13 முதல் 15 வயது வரையிலான மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். சிகரெட் பிடித்தவர்களில் 38 விழுக்காட்டினர் பத்து வயது நிறையும் முன்பே அதைத் தொட்டவர்கள். பெரும்பாலோர் சிகரெட்டைக் கடையில்தான் வாங்கியிருக்கிறார்கள்.

பெட்டிக்கடையின் முகப்பைக் கவனியுங்கள். ஜாடிகளில் கடலை மிட்டாயும் தேன் மிட்டாயும் இருக்கும். மேலே சரம் சரமாகப் பாக்குப் பொட்டலங்கள். ஓரத்தில் கயிறு கட்டித் தொங்கும் லைட்டர். அது தொங்குவதே ஒற்றை சிகரெட் வாங்குபவருக்காகத்தான். பிள்ளைகளிடம் பாக்கெட் வாங்கப் பணம் இருக்காது. ஒன்று வாங்க இருக்கும். பாக்கெட்டின் 85 விழுக்காடு பரப்பில் அச்சிட்ட எச்சரிக்கைப் படம், உதிரியாக வாங்கும் சிறுவனின் கண்ணில் படுவதே இல்லை.

சிகரெட்டையாவது வாடை காட்டிக்கொடுக்கும். மாணவர்களிடையே பரவியிருக்கும் ‘கூல் லிப்’ அப்படியல்ல. தேயிலைப் பை போன்ற சிறு பொதி அது. உதட்டுக்குள் அடக்கிக்கொண்டால் புகை கிடையாது, துப்பவும் வேண்டாம். எதிரில் நிற்கும் ஆசிரியருக்கே தெரியாது. குட்கா வகைகளுக்கு 2013 முதல் தமிழகத்தில் தடை இருந்தும், தடையில்லாத மாநிலங்களிலிருந்து இது வந்து சேர்கிறது. கூல் லிப்பைப் பாதுகாப்பற்ற உணவுப் பொருளாக அறிவித்து நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என்று 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது நியாயமான கேள்வி.

சட்டம் இல்லாமல் இல்லை. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது. கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. மீறினால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். மறுபுறம், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் சிறுவருக்குப் புகையிலை கொடுக்கும் குற்றத்துக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் தண்டனை தருகிறது. 200 ரூபாய்க்குக் கடைக்காரர் அஞ்சமாட்டார். ஒரு சிகரெட்டுக்காகப் பெட்டிக்கடைக்காரர் மீது ஏழாண்டுப் பிரிவைப் பாய்ச்ச எந்த அதிகாரியும் தயங்குவார். ஒன்று உறைக்காத தண்டனை, மற்றொன்று கை வராத தண்டனை. நடுவில் உள்ள இடம் காலியாகக் கிடக்கிறது.

அந்த இடத்துக்கு உரியது விற்பனை உரிமம். உதிரி சிகரெட், பீடி விற்பனைக்குத் தடை விதித்து, புகையிலை விற்கும் கடைகள் பதிவு பெற வேண்டும் என்று 2016-இலேயே இமாசலப் பிரதேசம் தனிச் சட்டம் இயற்றியது. தமிழகமும் அந்த வழியில் போகலாம். சிறுவருக்கு விற்றது உறுதியானால் புகையிலை விற்கும் உரிமை மட்டும் பறிபோகட்டும், கடை நடக்கட்டும்.

ஏழைக் கடைக்காரரின் பிழைப்பு கெடும் என்பார்கள். டீ, வாழைப்பழம், பிஸ்கட் விற்க யாரும் தடை சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைகளிடம் சிகரெட் விற்றால்தான் ஒரு கடை பிழைக்கும் என்றால், அந்தப் பிழைப்பைக் காக்கும் பொறுப்பு சமூகத்துக்கு இல்லை.

பிடிபடும் மாணவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்புவதும் தீர்வாகாது. அவன் நேரே அதே கடைக்குத்தான் போவான். பழக்கத்தை விட உதவும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பதும், ஆலோசனைக்கு ஏற்பாடு செய்வதும் பயன் தரும்.

வீட்டுக்கும் இதில் பங்கு உண்டு. “அப்பாவுக்கு ஒரு சிகரெட் வாங்கிட்டு வாடா” என்று மகனை அனுப்பும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அப்பாவுக்குத்தானே என்று கடைக்காரரும் எடுத்துக் கொடுக்கிறார். சட்டப்படி அதுவும் குற்றம். அரசு உரிமச் சட்டம் கொண்டுவரும்வரை அப்பாக்கள் காத்திருக்க வேண்டியதில்லை. புகைப்பதை உடனே விட முடியாவிட்டாலும், பிள்ளையைக் கடைக்கு அனுப்புவதை இன்றே நிறுத்தலாம்.