பொழிமுகத்துப் படகும் பிரயாணிப் பயிற்சியும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் கடற்பக்கமாக, நெய்யாறு அரபிக் கடலோடு கலக்கும் இடத்தில் பூவாறு என்னும் ஊர் அமைந்துள்ளது. அகத்திய மலைப் பகுதியில் தோன்றி இறங்கிவரும் ஆறு இங்கே விரிந்து தேங்கி நிற்கிறது. கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே மணல் திட்டு ஒன்று குறுக்கே கிடக்கும். அதனை இவ்வட்டாரத்தார் பொழி என்பர். மழை மிகும்போது பொழி உடைந்து நீர் கடலில் பாயும்; வேனிலில் மணல் மீண்டும் வாயை அடைத்துக்கொள்ளும். 19-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைக்கக் கருதி வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயின் எஞ்சிய பகுதியும் இப்பக்கத்தில் இருக்கிறது. அன்று சரக்குப் போக்குவரத்துக்காக எண்ணப்பட்ட நீர்வழியில் இன்று உல்லாசப் பிரயாணிகள் செல்லுகின்றனர். அலையாத்தி மரங்களின் நிழலில் யந்திரப் படகில் சென்று பொழிமுகத்தைக் கண்டு திரும்புவது, எல்லையின் இருபுறத்து மக்களுக்கும் விடுமுறைக்காலப் பொழுதுபோக்காகிவிட்டது.

பெருங்கடலில் செல்லும் உல்லாசக் கப்பல்களில், பிரயாணிகளை ஓரிடத்தில் கூட்டி, அபாய ஒலி இன்னது, உயிர்காப்புச் சட்டையை அணியும் முறை இது, தத்தமக்குரிய உயிர்ப்படகு நிற்கும் இடம் இது என்று காட்டும் பயிற்சி கட்டாயமாகும். ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட குறுகிய ஒலிகளும் அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால், உலகத்தின் எக்கப்பலிலும் பொருள் ஒன்றே. ஆனால் கடலைத் தொட்டும் தொடாமலும் ஓடும் சிறு படகுகளை இச்சர்வதேச விதி கட்டுப்படுத்தாது. அவை உள்நாட்டு நீர்க்கல விதிகளுக்கு உட்பட்டவை. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2021-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், கலத்தின் பதிவு, பரிசோதனை, உயிர்காப்புச் சாதனங்கள் ஆகியவற்றை வற்புறுத்துகிறது. சாதனம் இருத்தல் வேறு. அதனை ஏறினவர் உபயோகிக்க அறிந்திருத்தல் வேறு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்திலேதான் பலர் மூழ்கியிருக்கின்றனர்.

கேரளத்தின் நீர்வழிகள் இதற்குத் துயரமான சான்றுகளை அளித்துள்ளன. 1924-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதி பல்லனையாற்றில் 'ரிடீமர்' என்ற படகு கவிழ்ந்தபோது மகாகவி குமாரன் ஆசான் மாண்டார். அவருடைய குருநாதரான நாராயண குரு 1888-இல் சிவலிங்கம் நிறுவிய அருவிப்புறம், இதே நெய்யாற்றின் கரையில் இருக்கிறது என்பதை இப்பகுதி மக்கள் அறிவார்கள். 2002-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் தேதி முஹம்மாவிலிருந்து குமரகத்துக்குச் சென்ற படகில் 29 பேர் இறந்தனர். 2007 பிப்ரவரியில் தட்டேக்காட்டில் பள்ளிச் சிறுவரும் ஆசிரியருமாக 18 பேர். 2009 செப்டம்பர் 30-இல் தேக்கடி ஏரியில் 'ஜலகன்னிகை' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மடிந்தனர். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் இருந்தனர். 2023 மே 7-ஆம் தேதி மாலை மங்கிய பின் தானூரில் கவிழ்ந்த படகு 22 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மீன்பிடி படகு உல்லாசப் படகாக மாற்றப்பட்டிருந்தது. அளவுக்கு மிஞ்சி ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தனர். ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் விசாரணை நடைபெறும். படகின் அமைப்பு, உரிமம், பாரம் இவை ஆராயப்படும். ஆராயப்பட வேண்டியவைதாம். எனினும், படகு சாய்ந்த அந்தச் சில விநாடிகளில் பிரயாணி செய்யவேண்டியது யாது என்று அவருக்கு யாரேனும் முன்னரே சொன்னார்களா என்ற கேள்வி, அறிக்கைகளில் பெறும் இடம் சிறிது.

படகு ஏன் கவிழ்கிறது என்பதை விளக்குவது கடினமன்று. நீரில் மிதக்கும் கலத்தில் இரண்டு விசைகள் தொழிற்படுகின்றன. கலமும் அதிலுள்ள மக்களும் சேர்ந்த எடை, எடை மையத்தின் வழியே கீழ்நோக்கி இழுக்கிறது. விலக்கப்பட்ட நீரின் மேலுந்துகை, மிதப்பு மையத்தின் வழியே மேல்நோக்கித் தள்ளுகிறது. படகு சிறிது சாயும்போது, நீரில் அமிழ்ந்த பகுதியின் வடிவம் மாறுவதால் மிதப்பு மையம் சாய்ந்த பக்கத்துக்கு நகர்ந்து, படகை மறுபடி நிமிர்த்துகிறது. எடை மையம் தாழ்ந்திருக்கும்வரை இந்நிமிர்த்தும் திறன் நிலைக்கும். மக்கள் மேல்தட்டில் ஏறினாலும், உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றாலும் எடை மையம் உயர்ந்துவிடுகிறது. மேலும், 30 பேர் ஒரே சமயத்தில் ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகருகிறார்கள் எனக் கொள்வோம். தலைக்கு 60 கிலோ வீதம் 1,800 கிலோ எடை ஒரு மீட்டர் இடம் பெயருகிறது. சிறு படகு ஒன்றினால் இதனைத் தாங்க இயலாமற் போகலாம். கரையில் யானையோ காட்டெருமையோ தோன்றினாலும், பொழிமுகத்தில் ஒரு கழுகு தென்பட்டாலும், 'அதோ' என்று ஒருவர் கை காட்டினாலும், இப்பெயர்ச்சி நிகழ்ந்துவிடும். விளிம்பு தாழ்ந்து நீர் உள்ளே புகுந்தால், அந்நீரும் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடி, சாய்வை மிகுதிப்படுத்தும்.

ஆகவே பயிற்சியின் முதல் பாடம் சட்டையைப் பற்றியதன்று; இருக்கையைப் பற்றியதாகும். படகு ஆடும்போது எழாதிருத்தல், ஒரே பக்கம் ஓடாதிருத்தல், இவற்றை வாயால் சொன்னால் போதாது. படகு கரையில் கட்டுண்டிருக்கும்போதே பிரயாணிகளில் நால்வரை எழுந்து ஒரு பக்கம் வரச்சொல்லி, படகு எவ்வளவு சாய்கிறது என்று காட்டிவிட்டால், பின்னர் எவரும் எளிதில் எழமாட்டார்.

உயிர்காப்புச் சட்டையைப் பற்றியும் தவறான எண்ணங்கள் உள. மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக அண்மையது. மூக்கையும் வாயையும் நீருக்கு மேலே நிறுத்தச் சிறிதளவு உதவியே தேவை. ஏறத்தாழ 10 கிலோ எடையைத் தாங்கவல்ல மேலுந்துகை வளர்ந்தவர் ஒருவருக்கு அமைதியான நீரில் போதுமானதாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் வார்களைக் கட்டாமல் தோளில் போட்டுக்கொண்ட சட்டை, நீரில் விழுந்தவுடன் மேலெழும்பிக் காதளவுக்கு வந்துவிடும். உடல் கீழே நழுவும். பெரியவருக்கான சட்டையைக் குழந்தைக்கு மாட்டினால், சட்டை மிதக்கும், குழந்தை மிதக்காது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகில் சென்றவர்கள் யாவரும், குவியலிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்ட அநுபவத்தை நினைவு கூரலாம். வார்களை முடிந்தவர் எத்தனை பேர், வெறுமனே மாட்டிக்கொண்டவர் எத்தனை பேர் என்பதையும் அவர்களே சொல்லக்கூடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நாற்புறமும் அடைத்த அறையுள்ள படகு தலைகீழாகக் கவிழுமானால், சட்டை அணிந்தவரை அம்மிதப்பு விசையே உள்ளே அடைத்துவிடக்கூடும். வாயிலை நோக்கி நீருக்குள் மூழ்கிச் செல்ல இயலாது. விமானத்தில் சட்டையை வெளியேறிய பிறகே காற்றூட்டச் சொல்வதும் இக்காரணம் பற்றியே. எனவே அடைப்புள்ள படகில் எங்கே அமர்வது, வாயில் எப்பக்கம், சாளரம் திறக்குமா என்பவை சட்டையைப் போலவே முக்கியமானவை. 'சட்டை அணிக' என்று மட்டும் எழுதி வைத்த பலகை பாதி உண்மையையே கூறுகிறது.

கடற்கப்பல்களின் வரலாறும் பயிற்சியின் அருமையை நன்கு காட்டும். 1912 ஏப்ரலில் 'டைட்டானிக்' மூழ்கியபோது கப்பலில் சுமார் 2,200 பேர் இருந்தனர். உயிர்ப்படகுகளில் 1,178 பேருக்கே இடம். இக்குறையை அனைவரும் அறிவர். ஆனால் முதலில் இறக்கப்பட்ட உயிர்ப்படகில் 65 பேருக்கு இடமிருந்தும் 28 பேரே சென்றனர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒளி வீசும் பெருங்கப்பலை விட்டு இருளில் ஆடும் சிறு படகில் இறங்க மக்கள் தயங்கினர். படகைக் கையாண்டவர்களுக்கும் அதன் தாங்கு திறனில் நம்பிக்கை இல்லை. இவ்விபத்தின் விளைவாகவே 1914-இல் கடலில் உயிர்ப்பாதுகாப்பு பற்றிய முதல் சர்வதேச உடன்படிக்கை உருவாயிற்று. இன்று நடைமுறையிலிருப்பது 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கை.

ஒரு நூற்றாண்டு சென்ற பின்னும் குறை முற்றும் நீங்கவில்லை. 2012 ஜனவரி 13-ஆம் தேதி இரவு 'கோஸ்டா கன்கார்டியா' என்ற இத்தாலிய உல்லாசக் கப்பல் ஜில்லியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்தது; 32 பேர் இறந்தனர். அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கான பிரயாணிகளுக்குப் பயிற்சி நடைபெறவேயில்லை. புறப்பட்ட 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று விதி அப்போது இடங்கொடுத்தது. அபாயமோ 24 மணி நேரம் காத்திருக்கவில்லை. பிறகு விதி திருத்தப்பட்டு, 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடனேயே பயிற்சி நடைபெறவேண்டும் என்றாயிற்று. 2020-இல் தொற்றுநோய்க் காலத்தில் சில கப்பல் நிறுவனங்கள் கூட்டத்தைத் தவிர்த்து, பிரயாணி தம் கைபேசியில் படம் பார்த்துவிட்டுக் கூடுமிடத்துக்குத் தனியே சென்று பதிவு செய்துகொள்ளும் முறையைக் கொண்டுவந்தன. இது வசதியானது, ஆயினும் நெருக்கடியில் நூறு பேர் ஒருமிக்க நடந்து செல்லும் அநுபவத்தை இது தருமா என்பது ஐயமே.

தென்கொரியாவின் 'சேவோல்' விபத்தோ வேறு வகை. 2014 ஏப்ரல் 16-ஆம் தேதி சாய்ந்துகொண்டிருந்த கப்பலில், இருந்த இடத்திலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கி கூறிற்று. பள்ளி மாணவர் கீழ்ப்படிந்தனர். 304 பேர் இறந்தனர். கட்டளைக்குப் பணியும் பழக்கம் மட்டும் பயிற்சியாகாது. காரணத்தை அறிந்தவனே கட்டளை பிழைபட்டபோது தானாக இயங்குவான்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடற்கரையோடு தொடர்புடையது. இவ்வட்டத்திலுள்ள விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அம்மாதமே அத்துறையிலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற சரக்குக் கப்பல் மே 24-இல் சாய்ந்து மறுநாள் மூழ்கிற்று. கொள்கலங்கள் கரையொதுங்கி மீனவருக்கு விளைந்த இழப்பு பெரிது. அது தனியே ஆராயத்தக்கது. ஆனால் கப்பலிலிருந்த 24 பேரும் பிழைத்தனர். இருபத்தொருவர் முதல் நாளிலேயே மீட்கப்பட்டனர். கப்பலில் தங்கிய மூவர் மறுநாள் கடற்படையினரால் மீட்கப்பட்டனர். கடலோரக் காவற்படையின் விரைவு இதற்கு முதற் காரணம். கப்பலைக் கைவிடும் பயிற்சியை மாதந்தோறும் செய்தாகவேண்டும் என்று மாலுமிகளைக் கட்டுப்படுத்தும் விதிக்கும் இதில் பங்குண்டு என்று கருதுவது தவறாகாது.

கடலோடு வாழ்பவர்க்கும் எச்சரிக்கை தேவை என்பதை 2017 நவம்பர் 30-இல் வீசிய ஒக்கி புயல் பொழியூரிலும் எல்லைக்கு அப்பால் நீரோடி, வள்ளவிளை முதலிய ஊர்களிலும் கொடுமையாக உணர்த்திற்று. அம்மீனவர் நீந்துவர், அலையின் போக்கை அறிவர். விடுமுறைக்கு மார்த்தாண்டத்திலிருந்தோ பாளையங்கோட்டையிலிருந்தோ வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மடியில் குழந்தையுடன் படகில் ஏறும் தாய்க்கு அவ்வறிவு இல்லை. நீரில் நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொள்ளும் என்பதைக்கூட அவளுக்கு எவரும் கூறியிருக்கமாட்டார்.

இங்கே மொழி என்னும் பிரச்சினை எழுகிறது. 1956 நவம்பர் 1-இல் எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு முதலிய நான்கு தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைப் பக்கத்துக் கிராமங்களில் ஒரே வீட்டில் இரு மொழியும் புழங்குவதுண்டு. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசாங்கத்தோடு கடிதப் போக்குவரத்துச் செய்ய 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடந்தருகிறது. மனு எழுதுவதற்குத் தாய்மொழி வேண்டுமென ஒப்புக்கொண்ட பின், உயிர் பிழைப்பதற்கு அது வேண்டாம் என்று வாதிப்பார் இல்லை. 'கோஸ்டா கன்கார்டியா' விசாரணையிலும் மாலுமிகளிடையே இருந்த மொழித் தடை குறிப்பிடப்பட்டது. அச்சத்தில் மனம் சுருங்கும்போது, பிற்பாடு கற்ற மொழி முதலில் நழுவும். 'இரு', 'பிடி', 'குனி', 'குதி' போன்ற ஓரசை ஈரசைச் சொற்களே காதில் ஏறும். 'பாதுகாப்பு அறிவுறுத்தல்களைக் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்' என்னும் மொழிபெயர்ப்பு அப்போது யாருக்கும் உதவாது. அலுவலக மொழிபெயர்ப்பாளர் இத்துறையில் தம் நடையைக் களைந்துவிட்டுப் படகுக்காரரின் வாய்மொழியைக் கேட்டு எழுதவேண்டும். உயிர்காப்புச் சட்டை என்பதைவிட 'ஜாக்கெட்' என்றால்தான் படகுத்துறையில் கை நீளும் என்றால், 'ஜாக்கெட்' என்றே எழுதலாம்.

மறுப்புகள் பல சொல்லப்படும். பயணமே ஒன்றிரண்டு மணி நேரம். நீர் பல இடங்களில் ஆழமற்றது. பயிற்சி என்றால் பிரயாணிகள் பயந்து இறங்கிவிடுவர். வியர்வை நாற்றமடிக்கும் சட்டையை யாரும் விரும்பார். முதல் மூன்றுக்கும் விடை எளிது. தானூரில் கவிழ்ந்த படகும் குறும்பயணமே சென்றது. நீச்சல் அறியாதவர் மார்பளவு நீரிலும் மூழ்கக்கூடும். விமானத்தில் ஒவ்வொரு முறையும் பணிப்பெண் வாரைக் கட்டிக் காட்டுகிறாள். அதனால் எவரும் இறங்கிவிட்டதாகச் செய்தியில்லை. நாற்றத்தைப் பற்றிய புகார் மட்டும் நியாயமானது. சட்டைகளை வாரந்தோறும் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துவது படகுடைமையாளரின் கடமையாக்கப்பட வேண்டும். உப்பும் வெயிலும் துணியையும் வாரையும் நைந்துபோகச் செய்கின்றன என்பதால் இது சுகாதாரத்தோடு நில்லாமல் பாதுகாப்பையும் சார்ந்தது.

படகைப் பரிசோதித்து உரிமம் வழங்கும் அதிகாரிகள், ஓட்டுநரின் சான்றிதழையும் யந்திரத்தையும் பார்ப்பதோடு, அவர் பிரயாணிகளுக்கு மூன்று நிமிடப் பயிற்சி நடத்துவதையும் ஒருமுறை நேரில் பார்த்த பின்பே கையொப்பமிடலாம். அப்பயிற்சிக்குரிய வாசகம் மலையாளத்திலும் தமிழிலும் இருத்தல் வேண்டும். எழுத்தறியாதார் சிலரைப் படகில் அமர்த்தி, அவர்களுக்கு விளங்குகிறதா என்று சோதித்த பிறகே அது அச்சேறவேண்டும். ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் கூட்டம் பெருகுமுன் இவ்வேலை முடிந்தால் நலம். கூட்ட நாட்களில் எவருக்கும் நேரமிருக்காது. சட்டைகளும் அன்றுதான் பற்றாமற் போகும்.